மிக்ஸி பார்த்தா போற இடமெல்லாம் மிக்ஸி விளம்பரமா? துரத்தும் குக்கீகளை போனில் தடுப்பது எப்படி?

ஒரு தளத்தில் மிக்ஸி விலை பார்த்திருப்பீர்கள். வாங்கவே இல்லை. அடுத்து ராசிபலன் படிக்கப் போனால் அங்கே அதே மிக்ஸி. கிரிக்கெட் ஸ்கோர் பக்கத்திலும் அதே மிக்ஸி!

மிக்ஸி என்றால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். குழந்தையின்மை சிகிச்சை, அவசரக் கடன் என்று தேடியிருந்தால்? ஒரே போனை நாலு பேர் பார்க்கும் வீடுகளில், யாரிடமும் சொல்லாமல் தேடிய விஷயம், மாமனார் செய்தி படிக்கும்போது விளம்பரமாக வந்து நிற்க வாய்ப்பு இருக்கிறது.

இந்தத் துரத்தலுக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று 'தேர்டு பார்ட்டி குக்கீ'.

குக்கீ என்றால் என்ன?

ஒரு இணையதளம் உங்கள் பிரவுசரில் எழுதி வைக்கும் சின்னக் குறிப்புதான் குக்கீ. 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த லூ மான்டுல்லி உருவாக்கியது. லாகின் செய்த தளம் ஒவ்வொரு பக்கத்துக்கும் பாஸ்வேர்டு கேட்காமல் இருப்பதே குக்கீயால்தான். அதனால் எல்லா குக்கீயையும் வில்லனாக்க வேண்டாம்.

சிக்கல் வேற இடத்தில் இருக்கு. நீங்கள் திறப்பது ஒரு தளம்தான். ஆனால் அந்தப் பக்கத்துக்குள் விளம்பர நிறுவனம், வீடியோ பிளேயர், ஷேர் பட்டன் என வெளியாட்களின் துண்டுகளும் சேர்ந்தே லோடு ஆகும். அந்த வெளியாளும் தன் பங்குக்கு ஒரு குக்கீ போடலாம். அதில் உங்கள் பிரவுசருக்கென்று ஓர் அடையாள எண் இருக்கும். அதே விளம்பர நிறுவனம் ஆயிரம் தளங்களில் இருந்தால், நீங்கள் எங்கே போனாலும் அந்த எண்ணை வைத்து, 'அட, அந்த ஆள் இங்கேயும் வந்திருக்கார்' என்று குறித்துக்கொள்ளும். உங்கள் பெயர் அதற்குத் தேவையே இல்லை. விளம்பரத்தை நம்பி ஓடும் செய்தித் தளங்களிலும் இவை சகஜம்.

'அக்செப்ட் ஆல்' பெட்டி போதாதா?

போதாது. பல தளங்களில் சம்மதிக்கும் பட்டன் பளிச்சென்று இருக்கும், மறுக்கும் வழி நாலு கிளிக் தள்ளி ஒளிந்திருக்கும். இப்படி மறுப்பதைக் கடினமாக்கியதற்காக பிரான்ஸின் தனியுரிமை கண்காணிப்பு அமைப்பு, 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் அறிவித்தது. தளத்துக்குத் தளம் மல்லுக்கட்டுவதைவிட, பிரவுசரிலேயே ஒரே தடவையில் கதவைச் சாத்துவது நல்லது.

ஐபோனின் சஃபாரி 2020 மார்ச் முதல் இவற்றைத் தானாகவே தடுக்கிறது. ஃபயர்பாக்ஸ், ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் தனித்தனி டப்பாவில் அடைத்துவிடுகிறது. குரோம் கதை வேறு. இரண்டு ஆண்டுகளில் நிறுத்திவிடுவோம் என்று 2020-ல் சொன்ன கூகுள், தேதியைத் தள்ளிக்கொண்டே போய், 2024 ஜூலையில் திட்டத்தையே கைவிட்டது. கூகுளின் பெரும் வருமானம் விளம்பரம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் ஆச்சரியம் இல்லை. ஆக, ஆண்ட்ராய்டில் குரோம் வைத்திருப்பவர்கள் நாமேதான் மாற்ற வேண்டும்.

குரோமில் என்ன செய்யணும்?

மேலே மூன்று புள்ளியைத் தொட்டு செட்டிங்ஸ் போங்கள். 'சைட் செட்டிங்ஸ்', அதற்குள் 'தேர்டு-பார்ட்டி குக்கீஸ்'. அங்கே 'பிளாக்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் அவ்வளவுதான், அரை நிமிஷ வேலை.

இதனால் லாகின் போகாது. எப்போதாவது ஒரு தளத்துக்குள் வரும் வீடியோவோ, பேமென்ட் பக்கமோ மக்கர் பண்ணலாம். அப்போது அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும். ஏற்கெனவே சேர்ந்துபோன குக்கீகளை 'டெலீட் பிரவுசிங் டேட்டா'வில் அழிக்கலாம். ஆனா அப்படிச் செய்தால் பெரும்பாலான தளங்களில் மறுபடி லாகின் பண்ணணும், பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கா என்று பார்த்துக்கொண்டு செய்யுங்கள்.

இன்காக்னிட்டோவில் குரோம் இவற்றைத் தானாகவே தடுக்கும். அதற்காக நம்மை யாருமே பார்க்கவில்லை என்று நினைத்துவிடக் கூடாது, போன தளத்துக்கும் நெட் கொடுக்கும் நிறுவனத்துக்கும் தெரியும்.

இன்னொன்று, இது பிரவுசருக்கு மட்டும்தான். ஷாப்பிங் ஆப், கேம் ஆப் எல்லாம் குக்கீயை நம்பி இல்லை, போனின் 'அட்வர்டைசிங் ஐடி' என்ற எண்ணைப் பயன்படுத்துகின்றன. போன் செட்டிங்ஸில் 'கூகுள்', அதற்குள் 'ஆட்ஸ்' போனால் 'டெலீட் அட்வர்டைசிங் ஐடி' என்று இருக்கும். சில போன்களில் இது 'பிரைவசி' பகுதியில் இருக்கும், செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் 'ஆட்ஸ்' என்று டைப் செய்தால் கிடைத்துவிடும்.