திருச்சியில் இரண்டு கூர்முனைகள்

எழுத்தாணி கீறும் கோட்டுக்கு மெலிவும் தடிப்பும் கிடையாது. இடது கையில் ஓலையைப் பிடித்து, அந்தக் கட்டைவிரலையே எழுத்தாணிக்கு முட்டுக் கொடுத்து, ஓலையை நகர்த்தி நகர்த்திக் கீறுவார்கள். பிறகு விளக்குக் கரியைத் தடவித் துடைத்தால் கீறலுக்குள் மட்டும் கறுப்பு தங்கும். எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒரே கனம். ஸ்ரீரங்கத்து வீட்டில் கூர்முள் பேனாவால் தமிழ் எழுதிப் பழகும் எனக்கு, இந்த வட்டாரத்து எழுத்தின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

ஓலையில் புள்ளி வைப்பதும் அரிது. குத்தினால் பொத்துவிடும் என்பார்கள். குறில் எகர ஒகரத்துக்குத் தலையில் புள்ளி என்பது பழைய இலக்கணம். புள்ளி போனதும் எரியும் ஏரியும் ஏட்டில் ஒன்றாகிவிட்டன. இதைத் தீர்த்தவர் இத்தாலியிலிருந்து வந்து, கொள்ளிடத்துக்கு வடக்கே ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர். 1730-இல் எழுதிய தொன்னூல் விளக்கத்தில், நெடிலுக்கு நீட்டலும் சுழித்தலும் விதித்தார். ‘ஏ’யின் வாலும் ‘கே’யின் இரட்டைக்கொம்பும் அப்படி வந்தவை.

பழகும்போது எனக்கு அதிக நேரம் பிடிப்பது அந்த இரட்டைக்கொம்புதான். கீழ்ச்சுழியிலிருந்து ஏறும்போது முள் காகிதத்தைத் தொட்டும் தொடாமலும் போக வேண்டும். அழுத்தினால் பிளவின் ஒரு பக்கம் காகித நாரில் மாட்டி மை தெறிக்கும். மேல்சுழி முழுக்க மயிரிழை. திரும்பி இறங்கும்போதுதான் அழுத்தம். பிளவு விரிந்து கோடு தடிக்கும். கடையில் வாங்கும் பேனா மை இதற்கு நீர்த்தது. கொஞ்சம் கருவேலம் பிசின் கரைத்துச் சேர்த்தால் முள்ளில் நிற்கும்.

பர்மிங்காமில் எஃகு முள்ளை இயந்திரத்தில் அடிக்கத் தொடங்கியது 1820-களில். ஜோசப் கில்லட் பெயரில் வரும் 303 எண் முள்தான் இன்று என் கையிலும் இருக்கிறது. எஃகு முள் உலகெங்கும் பரவிய பிறகும் எழுத்தாணி ஓயவில்லை. 1815-இல் திருச்சி வட்டாரத்தில் பிறந்த மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாட்டைச் சொல்லச் சொல்ல, மாணவர்கள் ஏட்டில் எழுதினார்கள். 1876-இல் அவர் மறையும்வரை உடனிருந்து படித்தவர் உ.வே.சாமிநாதையர். பாட்டு வரும் வேகத்துக்கு ஓலையில் கை ஓடியிருக்கிறது என்றால், அது எப்பேர்ப்பட்ட பழக்கம்!

என் தாத்தா திருச்சியில் தென்னிந்திய ரயில்வே தலைமை அலுவலகத்தில் குமாஸ்தா. அவர் நோட்டில் இங்கிலீஷ் சாய்ந்து, தடித்து மெலிந்து ஓடும். அதே பேனாவால் எழுதிய தமிழ் ஒரே கனம். இங்கிலீஷுக்குச் செப்புத்தகட்டில் வெட்டி அச்சிட்ட மாதிரி எழுத்துகள் உண்டு, பார்த்துப் பழகினார்கள். தமிழ்க் கை ஓலைப் பழக்கத்திலேயே நின்றுவிட்டது என்பது என் எண்ணம். முள் மாறியும் கை மாறவில்லை.

1978-இல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது, ‘லை’, ‘னை’க்கு இருந்த, யானைத் தும்பிக்கை போன்ற பழைய ஐகார வளைவு போயிற்று. எழுதப் படிக்கத் தொடங்கும் குழந்தைக்கு அது பெரிய உதவி. ஆனால் முள் பேனாவுக்கு அந்தத் தும்பிக்கையைப் போல இடம் கொடுக்கும் எழுத்து வேறில்லை. கல்யாணப் பத்திரிகை உறைகளில் பெயர் எழுதித் தரச் சொன்னால் புது ‘லை’ போடுகிறேன். எனக்காக எழுதும்போது பழையதுதான்.