அடிச்சா திருந்துமா நாய்? குரைப்பது, உறுமுவது, கடித்துக் குதறுவது... அதட்டாமல் சரிசெய்வது எப்படி?

வீட்டுக்கு யார் வந்தாலும் விடாமல் குரைக்கிறது. சாப்பிடும்போது பக்கத்தில் போனால் உறுமுகிறது. தனியாக விட்டுவிட்டுப் போனால் செருப்பு, சோபா, கதவு என்று எதையும் விட்டுவைப்பதில்லை. நாய் வளர்க்கும் பல வீடுகளில் கேட்கும் புலம்பல்தான் இது. இதைச் சொன்னதும் கிடைக்கும் அறிவுரையும் பெரும்பாலும் ஒன்றுதான்: "நாலு போடு போடுங்க, தானா அடங்கிடும்."

அடங்கத்தான் செய்யும். ஆனால் அது திருந்தியதால் அல்ல, பயந்ததால். பயந்த நாய் ஒருநாள் சத்தமே இல்லாமல் கடிக்கும். அந்தக் கடி பெரும்பாலும் வீட்டில் இருக்கும் குழந்தைக்கு விழும். அதற்கு அடுத்த கட்டம், நாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் எங்கேயாவது இறக்கிவிட்டு வருவது. இதெல்லாம் நடக்காமல் தடுக்க முடியுமா? முடியும் என்கிறது நாய்களின் மனதை ஆராய்ந்த அறிவியல்.

'தலைவன் யார்?' என்ற கதை எங்கிருந்து வந்தது?

"நாய் ஓநாய் இனம். கூட்டத்துக்கு ஒரு தலைவன் இருப்பான். நீங்க தலைவனா இல்லைன்னா அது தலைவனாயிடும்." பல பயிற்சியாளர்கள் இன்றும் சொல்லும் கதை இது. இதன் வேர் 1947-ல் ருடால்ஃப் ஷெங்கல் வெளியிட்ட ஓநாய் ஆய்வில் இருக்கிறது. அவர் பார்த்தவை அடைத்து வைக்கப்பட்டிருந்த ஓநாய்கள். தப்பிக்க வழியில்லாத இடத்தில் அவை அடித்துக்கொண்டதைப் பார்த்து, ஓநாய்களின் வாழ்க்கையே அதிகாரப் போட்டிதான் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் 1970-ல் எழுதிய புத்தகம் இந்தக் கருத்தை உலகம் முழுக்கப் பரப்பியது. பிறகு அவரே கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைகாலங்கள் பக்கத்தில் இருந்து கவனித்தார். அங்கே அவர் பார்த்தது அப்பா, அம்மா, பிள்ளைகள் என்ற சாதாரணக் குடும்பம். சண்டை போட்டுப் பதவி பிடித்த தலைவன் யாரும் அங்கே இல்லை. 1999-ல் இதை ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார். தன் பழைய புத்தகத்தை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்திடமும் கேட்டுக்கொண்டார்.

ஆக, உங்கள் நாய் சோபாவில் ஏறிப் படுப்பது உங்கள் பதவியைப் பறிக்க அல்ல. சோபா மெத்தென்று இருக்கிறது, அவ்வளவுதான்.

அடித்தால் என்ன ஆகிறது?

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடத்தை சிகிச்சைக்கு வந்த நாய்களின் உரிமையாளர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2009-ல் வெளியான அந்த ஆய்வில், நாயை அடித்தோ உதைத்தோ திருத்தப் பார்த்தவர்களில் 43 சதவீதம் பேர், நாய் பதிலுக்கு ஆக்ரோஷம் காட்டியதாகச் சொன்னார்கள். மல்லாக்கப் புரட்டி அமுக்கிப் பிடித்தவர்களில் 31 சதவீதம் பேருக்கு அதே அனுபவம்.

போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் 92 வீட்டு நாய்களை வைத்து நடந்த இன்னொரு ஆய்வு 2020-ல் வெளியானது. பரிசு கொடுத்துப் பழக்கும் பள்ளிகளின் நாய்களையும், தண்டனை கொடுத்துப் பழக்கும் பள்ளிகளின் நாய்களையும் ஒப்பிட்டார்கள். தண்டனை வாங்கிய நாய்கள் உதட்டை நக்குவது, கொட்டாவி விடுவது, உடம்பைக் குறுக்குவது போன்ற பதற்ற அறிகுறிகளை அதிகம் காட்டின. பயிற்சி முடிந்ததும் அவற்றின் எச்சிலில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனும் கூடியிருந்தது.

இன்னொரு பெரிய ஆபத்து உறுமலை அடக்குவது. உறுமல் என்பது "பயமா இருக்கு, தள்ளிப் போ" என்று நாய் கொடுக்கும் எச்சரிக்கை மணி. உறுமும்போதெல்லாம் அடித்தால் மணி நின்றுவிடும். பயம் அப்படியே உள்ளே இருக்கும். "ஒண்ணுமே பண்ணாம திடீர்னு கடிச்சிடுச்சு" என்று சொல்லப்படும் சம்பவங்களுக்குப் பின்னால், பல நேரம் இப்படி அடக்கப்பட்ட எச்சரிக்கைகள் இருக்கும்.

'தப்பு பண்ணிட்டு முழிக்குது பாருங்க!'

வீட்டைக் கலைத்துப் போட்டுவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டு நிற்கும் நாயின் முகத்தை எல்லோரும் பார்த்திருப்போம். "செஞ்சது தப்புன்னு அதுக்கே தெரியுது" என்போம். நியூயார்க் பர்னார்ட் கல்லூரியின் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இதை 2009-ல் சோதித்தார். நாய் உண்மையில் தப்பு செய்ததா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் தொடர்பே இல்லை. உரிமையாளர் திட்டும்போது அந்த முகம் வந்தது. ஒன்றுமே செய்யாத நாய்கூட, திட்டு விழுந்ததும் அப்படி நின்றது.

மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து, காலை பத்து மணிக்குக் கிழித்த தலையணைக்காக அடித்தால் நாய்க்கு ஒன்றும் புரியாது. 'இவங்க வீட்டுக்கு வந்தா அடி விழும்' என்பதை மட்டும் அது கற்றுக்கொள்ளும்.

நாய் எப்படித்தான் கற்றுக்கொள்கிறது?

இரண்டு வழிகள். முதலாவது, ரஷ்ய விஞ்ஞானி இவான் பாவ்லோவ் காட்டிய வழி. ஒரு சத்தத்தைக் கேட்டதும் உணவு வரும் என்று பழகிய நாய்க்கு, பிறகு அந்தச் சத்தம் மட்டும் கேட்டாலே எச்சில் ஊறியது. இதில் நாய் யோசித்து முடிவெடுப்பதில்லை, உடம்பே பதில் சொல்கிறது. பயமும் இப்படித்தான் உருவாகிறது. பயத்தை மாற்றவும் இதே வழிதான் உதவுகிறது.

இரண்டாவது, எட்வர்ட் தார்ண்டைக், பி.எஃப். ஸ்கின்னர் ஆகிய அமெரிக்க உளவியலாளர்கள் சொன்னது. ஒரு செயலால் நல்லது கிடைத்தால் அந்தச் செயல் கூடும். எதுவும் கிடைக்காவிட்டால் குறையும். நீங்கள் சாப்பிடும்போது குரைக்கும் நாய்க்கு "சனியன், இந்தா" என்று ஒரு துண்டு போட்டால், நீங்கள் குரைக்கத்தான் பயிற்சி கொடுக்கிறீர்கள். பத்து முறையில் ஒருமுறை போட்டாலும் அது ஒன்பது முறை சளைக்காமல் குரைக்கும்.

முதல் வேலை: டாக்டரிடம் காட்டுங்கள்

நன்றாக இருந்த நாய் திடீரென்று எரிச்சலாக மாறினால், முதலில் வலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காதில் சீழ், பல் வலி, மூட்டு வலி, தோல் அரிப்பு எல்லாமே நாயைக் கடிக்க வைக்கும். வயதான நாய் தொட்டாலே சீறுவது திமிரால் இருக்காது, இடுப்பு வலியால் இருக்கலாம். வலிக்கு மருந்துதான் தேவை, பயிற்சி அல்ல.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்?

காலிங் பெல் அடித்தால் குரைக்கிறதா?

"வாயை மூடு" என்று நீங்கள் கத்தினால், நீங்களும் சேர்ந்து குரைக்கிறீர்கள் என்றே நாய் நினைக்கும். மாற்று வேலை கொடுங்கள். கதவிலிருந்து தள்ளி ஒரு பாயை விரியுங்கள். முதலில் பெல் இல்லாமலே, பாயில் போய் உட்கார்ந்தால் ஒரு துண்டு வேகவைத்த சிக்கன். அது பழகியதும் பெல் சத்தத்தை போனில் பதிவுசெய்து மெல்லிய ஒலியில் ஒலிக்கவிடுங்கள், பாயில் உட்கார்ந்தால் பரிசு. பிறகு ஒலியைக் கூட்டுங்கள். கடைசியாக வீட்டில் ஒருவரை வெளியே நிறுத்தி நிஜமாகவே பெல் அடிக்கச் சொல்லுங்கள். சில வாரங்களில் 'பெல் அடித்தால் பாய்க்கு ஓடணும்' என்று அதுவே புரிந்துகொள்ளும்.

சாப்பாட்டுத் தட்டருகே உறுமுகிறதா?

"யார் பெரியவன்னு காட்டுறேன்" என்று தட்டைப் பிடுங்குவது மிகப்பெரிய தவறு. 'மனுஷங்க வந்தா சோறு போயிடும்' என்ற அதன் பயத்தை நீங்களே உண்மையாக்குகிறீர்கள். இதைத் தலைகீழாக மாற்ற வேண்டும். அது உறுமாத தூரத்தில் நின்று, தட்டில் இருப்பதைவிட ருசியான ஒரு துண்டைத் தட்டருகே வீசிவிட்டு நகர்ந்துவிடுங்கள். தினமும் இதைச் செய்து, தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். நீங்கள் வருவதைப் பார்த்து வால் ஆட்ட ஆரம்பித்தால் பயம் மாறுகிறது என்று அர்த்தம். இது முடியும்வரை குழந்தைகளைத் தட்டருகே விடவே கூடாது. இந்தப் பயிற்சியைக் குழந்தைகள் செய்யவும் கூடாது.

தனியாக விட்டால் வீட்டையே கிழிக்கிறதா?

போனை வைத்து வீடியோ எடுத்துப் பாருங்கள். நிதானமாகச் செருப்பைக் கடித்து விளையாடினால் அது போரடிக்கும் நாய். காலையில் அரை மணி நேரம் மோப்பம் பிடித்தபடி நடக்கவிட்டு, கடிக்கப் பொம்மை கொடுத்தாலே மாற்றம் தெரியும். ஆனால் கதவருகே எச்சில் ஒழுக ஓலமிட்டு, கதவைப் பிறாண்டி, அங்கேயே சிறுநீர் கழித்தால் அது பிரிவுப் பதற்றம். அதற்குச் சாவியை எடுத்துவிட்டு வெளியே போகாமல் உட்காருவதில் தொடங்க வேண்டும். பிறகு கதவுக்கு வெளியே 5 விநாடி, 20 விநாடி, ஒரு நிமிடம் என்று, அது பதறாத அளவுக்கு மட்டும் நேரத்தைக் கூட்ட வேண்டும். அவசரப்பட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

பட்டாசுச் சத்தத்துக்கு நடுங்குகிறதா?

தீபாவளிக்கு முந்தைய நாள் யோசித்தால் தாமதம். சில வாரங்களுக்கு முன்பே வெடிச் சத்தத்தை மிகக் குறைந்த ஒலியில் போட்டு, கூடவே பிடித்த தீனி கொடுங்கள். காதை மடக்கி ஒதுங்கினால் ஒலி அதிகம் என்று பொருள், உடனே குறையுங்கள். அன்றைய தினம் வெளிச்சம் இருக்கும்போதே வாக்கிங்கை முடித்துவிட்டு, உள் அறையில் ஜன்னலை மூடி, ஃபேனும் டிவியும் ஓடவிடுங்கள். கட்டிலுக்கு அடியில் ஒளிந்தால் வெளியே இழுக்காதீர்கள். "தடவிக் கொடுத்தா பயம் அதிகமாகும்" என்பது தவறான நம்பிக்கை. அதற்கு வேண்டுமென்றால் தாராளமாக அணைத்துக்கொள்ளலாம். பயம் கடுமையாக இருந்தால் கால்நடை மருத்துவர் மாத்திரை தருவார். நாம் போடும் தூக்க மாத்திரையைக் கொடுக்கவே கூடாது.

குட்டி கையைக் கடிக்கிறதா?

பல் முளைக்கும் குட்டி கடிக்கத்தான் செய்யும். கடித்த உடனே விளையாட்டை நிறுத்தி எழுந்துவிடுங்கள். சில நொடி கழித்துக் கைக்குப் பதில் பொம்மையைக் கொடுங்கள். மூக்கில் அடிப்பது வேண்டாம், கையைப் பார்த்தாலே பயப்பட ஆரம்பிக்கும். பிறந்த 3 வாரத்திலிருந்து 14 வாரம் வரை உள்ள காலம் மிக முக்கியம். குழந்தைகள், குடை, ஹெல்மெட், மிக்ஸி சத்தம், ஆட்டோ என்று எல்லாவற்றையும் பயமில்லாமல் அறிமுகப்படுத்த வேண்டிய பருவம் அதுதான். மற்ற நாய்களோடு எப்போது பழகவிடலாம் என்பதைத் தடுப்பூசி அட்டவணையை வைத்து மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்ன பரிசு கொடுக்கலாம்?

உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த சிக்கன், முட்டை, கேரட் போதும். சுண்டுவிரல் நகம் அளவுக்குத் துண்டு இருந்தால் போதுமானது. நல்லது செய்த ஒன்றிரண்டு நொடிக்குள் கொடுக்க வேண்டும். வெங்காயம், சாக்லேட், திராட்சை, உலர் திராட்சை, வேகவைத்த எலும்பு வேண்டவே வேண்டாம்.

"அப்போ எப்பவுமே கையில சிக்கனோட அலையணுமா?" என்றால், இல்லை. பழக்கம் படிந்ததும் தீனியைக் குறைத்து, பாராட்டும் விளையாட்டுமே பரிசாகிவிடும். செல்லம் கொடுப்பது வேறு, இது வேறு. இங்கேயும் விதிகள் உண்டு, அந்த விதிகளை அடி இல்லாமல் சொல்லிக்கொடுக்கிறோம்.

எப்போது நிபுணர் தேவை?

ஏற்கெனவே தோல் கிழியக் கடித்த நாய், குழந்தையைப் பார்த்து உறுமும் நாய், தன்னைத்தானே கடித்துக்கொள்ளும் நாய் ஆகியவற்றை வீட்டில் சோதித்துப் பார்க்க வேண்டாம். மருத்துவரின் ஆலோசனையோடு பயிற்சியாளரைத் தேடுங்கள். "நாய் தப்பு செய்தால் என்ன செய்வீர்கள்?" என்று அவரிடம் கேளுங்கள். முள் பட்டை, ஷாக் காலர் என்று பதில் வந்தால் கிளம்பிவிடலாம். ஷாக் காலரை வேல்ஸ் 2010-லேயே தடை செய்துவிட்டது. எல்லா நாய்களுக்கும், எல்லா நடத்தைப் பிரச்சினைகளுக்கும் பரிசு வழிப் பயிற்சியையே பயன்படுத்த வேண்டும் என்று அமெரிக்க கால்நடை நடத்தையியல் மருத்துவர்கள் சங்கமும் 2021-ல் அறிவித்தது.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 1960-ம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிரிவு 11-ன்படி விலங்கை அடித்துத் துன்புறுத்துவது குற்றம். நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிவைத்து, நடக்கவே விடாமல் வைத்திருப்பதும் அதே பிரிவில்தான் வருகிறது.

கடித்துவிட்டால்?

வீட்டு நாய்தானே, ஊசி போட்ட நாய்தானே என்று இருந்துவிடாதீர்கள். காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதையும் வைக்கக் கூடாது. ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது கிட்டத்தட்ட இயலாத காரியம்.

காயத்துக்கு மருந்து போட்ட பிறகு, நாயை எங்கே கொண்டுபோய் விடுவது என்று யோசிப்பதற்கு முன்னால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். கடிப்பதற்கு முன்னால் அது என்ன சொல்ல முயன்றது? முகத்தைத் திருப்பியதா, உதட்டை நக்கியதா, உறுமியதா? அடுத்த முறை அதைக் கவனித்துத் தள்ளி நின்றாலே, பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.