கோப்புக்கும் வரைகலைக்கும் நடந்த வழக்கு

கல்லூரி ஆய்வகங்களில் லினக்ஸ் கணினிகளைப் பராமரிப்பது என் தொழில். ஒரு கணினிக்கு ஐபி முகவரி கொடுக்க வேண்டுமென்றால் இன்றும் என் கை டெர்மினலைத்தான் தேடும். மவுஸ் மீது எனக்கு வெறுப்பில்லை. ஆனால், நெட்வொர்க் அமைக்க வந்த வரைகலைக் கருவிகள் வெகுகாலம் நம்பும்படி நடந்துகொள்ளவில்லை.

1983இல் வெளியான 4.2 பிஎஸ்டி யூனிக்ஸில் 'இஃப்கான்ஃபிக்' கட்டளை வந்தது. நெட்வொர்க் அட்டையின் பெயரையும் முகவரியையும் ஒரே வரியில் அடித்தால் வேலை முடிந்தது. அட்டையின் பெயரை மட்டும் அடித்தால் அப்போதைய நிலவரம் தெரியும். அமைப்பதும் சரிபார்ப்பதும் ஒரே இடத்தில் நடந்தன.

வீட்டுக் கணினிகளின் கதை வேறு. விண்டோஸ் 3.1இல் இணையத்துக்குத் தேவையான டிசிபி/ஐபி உள்ளடங்கியிருக்கவில்லை. டாஸ்மேனியாவைச் சேர்ந்த பீட்டர் டாட்டம் எழுதிய ட்ரம்பெட் வின்சாக் மென்பொருள்தான் 90களில் பலருக்கு இணையத்தின் வாசலைத் திறந்தது. ஐபி முகவரி, நெட்மாஸ்க், நேம் சர்வர், கேட்வே, எம்டியு என எல்லாக் கட்டங்களும் அதில் ஒரே திரையில் இருந்தன. அழகில்லாத திரைதான், ஆனால் எதையும் ஒளிக்கவில்லை.

விண்டோஸ் 95 டிசிபி/ஐபியோடு வந்தது. கூடவே அலைச்சலும் வந்தது. கன்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் ஐகான், அதற்குள் ஒரு பட்டியல், அதில் அட்டைக்குரிய டிசிபி/ஐபி, பிறகு ப்ராப்பர்ட்டீஸ். அங்கே முகவரிக்கு ஒரு டேப், கேட்வேக்கு ஒன்று, டிஎன்எஸ்ஸுக்கு இன்னொன்று. ஓர் எண்ணைத் திருத்தினாலும் ரீஸ்டார்ட் செய்யச் சொல்லும். அந்தத் தொல்லை விண்டோஸ் 2000இல்தான் தீர்ந்தது.

லினக்ஸில் ஒவ்வொரு விநியோகமும் இந்த விவரங்களைத் தனக்கென ஒரு கோப்பில் வைத்திருந்தது. வைஃபை லேப்டாப்புகள் பெருகியபோது அந்த ஏற்பாடு போதவில்லை. இடத்துக்கு இடம் மாறும் நெட்வொர்க்குக்காக யார் கோப்பைத் திருத்திக்கொண்டிருப்பது? அதற்கு விடையாக 2004இல் ரெட்ஹாட் தொடங்கிய நெட்வொர்க்மேனேஜர், அதே ஆண்டு ஃபெடோரா கோர் 3இல் இடம்பெற்றது. கேபிள் செருகியிருந்தால் அது, இல்லாவிட்டால் தெரிந்த வைஃபை என்று தானே முடிவெடுக்கும். நல்ல நோக்கம்தான்.

ஆனால் தொடக்கப் பதிப்புகள் லேப்டாப்பை மட்டுமே மனதில் வைத்து எழுதப்பட்டவை. வைஃபை விவரங்கள் பயனரின் செஷனோடு கட்டுண்டு கிடந்தன. ஒருவர் லாகின் செய்து, கீரிங் கடவுச்சொல்லும் கொடுத்த பிறகே இணைப்பு எழும். ஆளில்லாத அறையிலிருக்கும் கணினிக்குள் எஸ்எஸ்எச் வழியாக நுழைய வேண்டியவர் என்ன செய்வார்? நிலையான முகவரியும், எல்லாப் பயனர்களுக்கும் பொதுவான இணைப்பும் 2008இல் வந்த 0.7 பதிப்பில்தான் ஒழுங்காகக் கிடைத்தன.

கோப்பும் கருவியும் மோதும் சிக்கல் 'ரிசால்வ்.கான்ஃப்' கோப்பில் பளிச்சென்று தெரியும். நேம் சர்வர் முகவரி எழுதும் இடம் அது. கையால் எழுதிச் சேமித்தால் கணினியும் உடனே ஏற்றுக்கொள்ளும். இணைப்பு ஒருமுறை அறுந்து எழுந்ததும் எழுதியது போய்விடும். இது நெட்வொர்க்மேனேஜர் உருவாக்கியது என்ற குறிப்பு முதல் வரியில் நிற்கும். ஒரே தகவலுக்கு இரண்டு எஜமானர்கள். இத்தனை வருட எரிச்சலுக்கும் வேர் அதுதான்.

இந்த வழக்கு தீரத் தொடங்கியது நெட்வொர்க்மேனேஜரின் 2011ஆம் ஆண்டு 0.9 பதிப்பில். இணைப்பு விவரங்கள் அனைத்தும் பின்னணிச் சேவையின் பொறுப்புக்கு மாறின. வரைகலைத் திரை, 'என்எம்சிஎல்ஐ' கட்டளை, பின்னால் வந்த 'என்எம்டியுஐ' உரைத்திரை மூன்றும் இன்று அந்த ஒரே சேவையிடம்தான் பேசுகின்றன. ஒன்றில் மாற்றினால் மற்றவற்றிலும் தெரியும்.

ஆனாலும் சேமித்த அமைப்பு வேறு, அட்டையில் நடைமுறையில் இருக்கும் அமைப்பு வேறு. திரையில் முகவரியை மாற்றிவிட்டு, இணைப்பை மறுபடி இயக்காமல் 'ஏன் மாறவில்லை' என்று மாணவர்கள் திகைப்பதை இன்றும் பார்க்கிறேன். அதனால் 'ஐபி ஏ' என்று அடித்து உண்மை நிலவரத்தைப் பார்க்க முதலில் கற்றுக்கொடுக்கிறேன். எந்தப் புதிய கருவியிடமும் நான் கேட்பது இரண்டுதான்: எந்தக் கோப்பில் எழுதுகிறாய் என்று காட்டு, கணினியில் இப்போது என்ன நடக்கிறது என்று காட்டு. இரண்டையும் காட்டும் கருவி வந்தால், அதையே முதல் பாடமாக வைப்பேன்.