பெயரும் உடைமையும்: இணையக் களப்பெயர் வாணிபத்தின் வரலாறு



நூல்களின் பின்னட்டையிலும் விழா மலர்களின் முகப்பிலும் பள்ளிகளின் அறிவிப்புப் பலகைகளிலும் இணையத்தள முகவரி ஒன்று இடம்பெறுவது இன்று இயல்பாகிவிட்டது. அம்முகவரியில் அமைந்திருக்கும் பெயரைக் களப்பெயர் என்கிறோம். பேச்சுவழக்கில் டொமைன் என்கிறோம். அப்பெயர் யாருக்கு உரியது? அதை விற்கலாமா? கைவிட்டுப் போனால் மீட்கலாமா? இவ்வினாக்களுக்கு விடை தேடிய நாற்பதாண்டு வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம். ஒரு சமூகம் இணையத்தில் எழுதிவைத்தவற்றை அதன் அடுத்த தலைமுறை கண்டெடுக்குமா என்ற கேள்வியும் இவ்வரலாற்றினுள் அடங்கியிருக்கிறது.

பெயர்களுக்கு விலையில்லாக் காலம்

இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையமைப்பில் கணினிகளின் பெயர்கள் அனைத்தும் ஒரே பட்டியலில் எழுதப்பட்டிருந்தன. கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிலையத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான குழுவினர் அப்பட்டியலைப் பேணி வந்தனர். புதிய கணினி ஒன்று வலையமைப்பில் இணைந்தால் அப்பட்டியலில் ஒரு வரி சேரும். கணினிகள் பெருகப் பெருக ஒரே பட்டியலைக் கட்டிக்காப்பது அரிதாயிற்று. 1983ஆம் ஆண்டு பால் மாக்கபெட்ரிஸ், ஜான் போஸ்டல் ஆகியோரின் முயற்சியில் களப்பெயர் முறை உருவாயிற்று. பெயர்கள் கிளைகளாகப் பிரிந்தன. ஒவ்வொரு கிளையையும் ஒருவர் பொறுப்பேற்றுப் பேணும் வழி பிறந்தது.

1985ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் சிம்பாலிக்ஸ் என்னும் கணினி நிறுவனம் ‘சிம்பாலிக்ஸ்.காம்’ என்ற பெயரைப் பதிந்துகொண்டது. ‘காம்’ என்று முடியும் பெயர்களுள் முதன்முதலில் பதியப்பெற்றது இதுவே. அந்நாளில் பெயர் பதியக் கட்டணம் இல்லை. முதலில் கேட்டவருக்கே பெயர் என்பதே விதி. அப்பெயர் 2009ஆம் ஆண்டு முதலீட்டு நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டது. உருவாக்கிய நிறுவனத்தின் பொலிவு மங்கிய பின்னரும் பெயருக்கு மதிப்பு எஞ்சியிருந்தது என்பது கருதத்தக்கது.

முந்திக்கொண்டவர்கள்

பெயருக்கு விலையுண்டு என்பதை உலகம் சற்றுத் தாமதமாகவே உணர்ந்தது. 1994ஆம் ஆண்டு ஜோஷுவா குவிட்னர் என்னும் அமெரிக்கச் செய்தியாளர், ‘மெக்டொனால்ட்ஸ்.காம்’ என்ற பெயரை எவரும் பதியாமல் இருப்பதைக் கண்டார். நிறுவனத்திடம் அதுபற்றி வினவியும் அவர்கள் பெரிதாகக் கருதவில்லை. தாமே பதிந்துகொண்டு அதனைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார். பின்னர் விழித்துக்கொண்ட நிறுவனத்திடம் அவர் தமக்கெனப் பணம் கேட்கவில்லை. நியூயார்க்கின் புரூக்ளின் வட்டாரத்துப் பொதுப்பள்ளி ஒன்றுக்கு இணைய வசதி ஏற்படுத்த 3,500 அமெரிக்க டாலர் அளிக்குமாறு கேட்டார். அத்தொகை வழங்கப்பட்டது, பெயரும் கைமாறியது.

எல்லாரும் அவ்வாறு நடந்துகொள்ளவில்லை. 1995ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் முதல் பெயர் பதிவுக்குக் கட்டணம் வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு 100 டாலர் செலுத்தினால் போதும். அதே ஆண்டில் டென்னிஸ் டோப்பன் என்பவர் புகழ்பெற்ற நிறுவனங்களின் பெயர்கள் நூற்றுக்கு மேற்பட்டவற்றைத் தம் பெயரில் பதிந்திருந்தார். படப்பிடிப்புக் கருவிகளுக்குப் பெயர்போன பனாவிஷன் நிறுவனத்தின் பெயரும் அவற்றுள் ஒன்று. அத்தளத்தில் அவர் இட்டிருந்தவை இல்லினாய் மாநிலத்துப் பனா என்னும் சிற்றூரின் வான்வழிப் படங்கள்! பெயரை விட்டுத்தர 13,000 டாலர் கேட்டார். நிறுவனம் நீதிமன்றத்தை நாடியது. 1998ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது.

நேரிய வாணிபமும் இக்காலத்தில் வளர்ந்தது. ‘பிசினஸ்.காம்’ என்ற பெயரை மார்க் ஆஸ்ட்ராஃப்ஸ்கி என்பவர் 1996ஆம் ஆண்டு 150,000 டாலருக்கு வாங்கினார். 1999ஆம் ஆண்டு 7.5 மில்லியன் டாலருக்கு விற்றார். அது பொதுச்சொல்; எந்த நிறுவனத்தின் உரிமையையும் அது பறிக்கவில்லை. பிறர் பெயரைப் பிடித்துவைத்துப் பணம் கேட்பதும் பொதுச்சொல்லை வாங்கி விற்பதும் ஒன்றல்ல என்ற தெளிவு மெல்ல மெல்ல ஏற்பட்டது.

வழக்குமன்றத்தில் பெயர்

இத்தெளிவுக்கு விதியின் வடிவம் தேவைப்பட்டது. 1998ஆம் ஆண்டு தோன்றிய ஐகேன் அமைப்பு, மறு ஆண்டில் ஒரே சீரான பூசல் தீர்வுக் கொள்கை ஒன்றை நடைமுறைப்படுத்தியது. அதன்படி ஒரு பெயரை மீட்க விரும்புபவர் மூன்று செய்திகளை மெய்ப்பிக்க வேண்டும். அப்பெயர் தம் வணிகக்குறியை ஒத்திருக்க வேண்டும் அல்லது அதனோடு குழப்பும் அளவுக்கு நெருங்கியிருக்க வேண்டும். பதிந்தவருக்கு அப்பெயரில் முறையான உரிமையோ ஈடுபாடோ இருத்தலாகாது. அவர் தீய நோக்கத்துடன் அதைப் பதிந்தும் பயன்படுத்தியும் இருக்க வேண்டும். மூன்றும் ஒருங்கே நிலைநாட்டப்பட்டால்தான் பெயர் மாற்றப்படும் அல்லது நீக்கப்படும். இழப்பீட்டுப் பணம் இவ்வழியில் கிட்டாது.

முதல் வழக்கு 1999 டிசம்பரில் உலக அறிவுசார் சொத்து அமைப்பின் முன் வந்தது. உலக மல்யுத்தக் கூட்டமைப்பின் பெயரைப் பதிந்த ஒருவர், மூன்றே நாளில் 1,000 டாலருக்கு அதை அக்கூட்டமைப்புக்கே விற்க முன்வந்திருந்தார். 2000 ஜனவரியில் பெயரை மாற்றித் தருமாறு தீர்ப்பாயிற்று. நம் வட்டாரத்திலும் இத்தகைய ஏற்பாடுகள் உண்டு. சிங்கப்பூரின் பெயர்களுக்கும் மலேசியாவின் பெயர்களுக்கும் தனித்தனிப் பூசல் தீர்வுக் கொள்கைகள் நடைமுறையில் இருக்கின்றன.

பெரிய நிறுவனம் கேட்டால் பெயர் போய்விடும் என்று எண்ணலாகாது. ஊசி நிசான் என்பவர் அமெரிக்காவின் வட கரோலினாவில் கணினி வணிகம் நடத்தியவர். நிசான் என்பது அவருடைய குடும்பப் பெயர். 1994ஆம் ஆண்டு அப்பெயரிலேயே களப்பெயர் பதிந்தார். 1999ஆம் ஆண்டு நிசான் வாகன நிறுவனம் அவர்மீது வழக்குத் தொடுத்தது. வழக்கு பல நீதிமன்றங்களைக் கடந்து பல ஆண்டுகள் நீண்டது. அவருக்குப் பெரும் பொருட்செலவும் ஆயிற்று. எனினும் பெயர் அவரிடமே நிலைத்தது. தன் பெயரைத் தான் வைத்துக்கொள்வது தீய நோக்கமாகாது என்பதற்கு இவ்வழக்கு சான்று.

உடைமையா, குத்தகையா?

மற்றொரு வினா இன்னும் ஆழமானது. களப்பெயர் என்பது சொத்தா, அல்லது ஒரு சேவைக்கான ஒப்பந்தம் மட்டுமா? அமெரிக்க நீதிமன்றங்களே இதற்கு இருவேறு விடைகள் அளித்தன. 2000ஆம் ஆண்டு வர்ஜீனியா மாநில உச்ச நீதிமன்றம், கடனுக்கு ஈடாகக் களப்பெயர்களைக் கைப்பற்றித் தர மறுத்தது. பதிவு நிறுவனம் அளிக்கும் சேவையிலிருந்து பெயரைப் பிரிக்க இயலாது. ஆதலால் அது ஒப்பந்தத்தின் விளைவே என்றது.

2003ஆம் ஆண்டு கலிபோர்னியாவிலிருந்து வந்த கிரெமன் வழக்கில் விடை மாறியது. கேரி கிரெமன் 1994ஆம் ஆண்டு பதிந்த பெயர் ஒன்றை மற்றொருவர் போலிக் கடிதம் ஒன்றைக் காட்டித் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டார். பதிவு நிறுவனம் உரியவரிடம் ஒரு சொல்லும் கேளாமல் மாற்றிக் கொடுத்துவிட்டது. பெயரை மீட்கக் கிரெமனுக்கு ஐந்து ஆண்டுகள் ஆயின. களப்பெயரும் ஒருவகைச் சொத்தே. பிறருக்குரியதை ஆராயாமல் தூக்கிக் கொடுத்தால் கொடுத்தவரும் பொறுப்பேற்க நேரிடும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது.

இவ்விரண்டு விடைகளையும் இணைத்துப் பார்க்க நமக்கு நன்கு தெரிந்த ஓர் உவமை துணைசெய்யும். சிங்கப்பூரின் அடுக்குமாடி வீட்டை 99 ஆண்டுக் குத்தகைக்கு வாங்குகிறோம், குடியிருக்கிறோம், விற்கிறோம். காலம் முடிந்தால் அது நம்முடையதன்று. களப்பெயரும் அவ்வாறே. அதன் குத்தகைக் காலம் ஓராண்டு முதல் பத்தாண்டு வரை. தவறாமல் புதுப்பித்தால் தொடரும். அறுதியாக எவரும் அதை வாங்குவதில்லை.

கைவிட்ட பெயரும் காத்திருந்த கைகளும்

குத்தகையைப் புதுப்பிக்க மறந்தால் என்ன நேரும்? 1999ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் வேளையில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ‘பாஸ்போர்ட்.காம்’ என்னும் பெயரின் கட்டணத்தைச் செலுத்தத் தவறியது. ஹாட்மெயில் மின்னஞ்சலுக்குள் நுழைய அப்பெயர் தேவை என்பதால் பயனர் பலர் தவித்தனர். மைக்கேல் சேனி என்னும் நிரலாளர் காரணத்தைக் கண்டறிந்து, தம் கடன் அட்டையில் 35 டாலர் செலுத்தினார், சேவை மீண்டது. உலகின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனத்துக்கே மறதி நேரும் என்றால் தொண்டர்கள் நடத்தும் ஒரு சங்கத்துக்கு நேராதா?

இத்தகைய மறதிக்கு இடமளித்தே இன்றைய நடைமுறை அமைந்துள்ளது. ‘காம்’ போன்ற பெயர்கள் காலாவதியானபின், பதிவு நிறுவனத்தைப் பொறுத்து, 45 நாள்வரை வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்க வாய்ப்புண்டு. அதன்பின் 30 நாள் மீட்புக் காலம். ஒற்றி வைத்த நிலத்தைக் கூடுதல் பணம் கொடுத்து மீட்பதைப் போல, இக்காலத்தில் மிகுதியான கட்டணம் செலுத்தி மீட்கலாம். அதுவும் கழிந்தால் 5 நாளில் பெயர் பொதுவெளிக்கு வந்துவிடும். அந்நொடிக்காகவே காத்திருந்து பிடிக்கும் கணினி நிரல்கள் இருக்கின்றன. அதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்களும் இருக்கின்றன. சில பதிவு நிறுவனங்கள் பெயரைப் பொதுவெளிக்கு விடாமல் தாமே ஏலம் விடுவதும் உண்டு.

பழைய பெயரை ஏன் நாடுகின்றனர்? அப்பெயருக்குப் பல்லாண்டுகளாகச் சேர்ந்த நன்மதிப்பே காரணம். எத்தனையோ தளங்கள் அதற்கு இணைப்புத் தந்திருக்கும். தேடுபொறிகள் அதை நம்பியிருக்கும். அந்த நம்பிக்கையை விலைக்கு வாங்கிச் சூதாட்ட விளம்பரங்களுக்குப் பயன்படுத்துவோர் உள்ளனர். பாடநூலிலோ ஆய்வேட்டிலோ அச்சேறிய முகவரியைப் பின்தொடரும் மாணவர், அங்கே கட்டுரைக்கு மாறாகச் சூதாட்டக் கூடத்தைக் காண நேரும்.

இழப்பு அத்துடன் நிற்கவில்லை. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவரும் இன்டர்நெட் ஆர்கைவ் நிறுவனம், ஒரு தளத்தின் உரிமையாளர் நிரல்களுக்கு இட்டுவைக்கும் தடைக்குறிப்பை நெடுங்காலம் மதித்து வந்தது. இதனால் பெயரைப் புதிதாக வாங்கியவர் ஒரு தடைக்குறிப்பை இட்டாலே, முன்பிருந்தவர் எழுதிய பக்கங்களும் பார்வையிலிருந்து மறைந்தன. வீட்டை வாங்கியவர் முன்பு குடியிருந்தவரின் நாட்குறிப்பையும் பூட்டிவைத்ததற்கு இது நிகர். 2017ஆம் ஆண்டில் அந்நிறுவனம் இவ்வழக்கத்தைத் தளர்த்தப்போவதாக அறிவித்தது.

தமிழுக்கும் இதில் பங்குண்டு

களப்பெயர் நெடுங்காலம் ஆங்கில எழுத்துகளுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. பிற எழுத்துகளிலும் பெயர் அமைய வேண்டும் என்ற முயற்சியில் சிங்கப்பூருக்குச் சிறப்பிடம் உண்டு. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ தலைமையிலான குழு 1998ஆம் ஆண்டு பன்மொழிக் களப்பெயர்களைச் செயற்படுத்திக் காட்டியது. தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடிகளுள் ஒருவரான நா. கோவிந்தசாமி இவர்களோடு இணைந்து பணியாற்றியவர். 2007ஆம் ஆண்டு ஐகேன் அமைப்பு பதினொரு மொழிகளில் சோதனை நடத்தியபோது தமிழும் இடம்பெற்றது. ‘உதாரணம்.பரிட்சை’ என்பதே அச்சோதனைப் பெயர். 2011ஆம் ஆண்டு ‘.சிங்கப்பூர்’ என்னும் முடிவு தமிழ் எழுத்திலேயே உலகப் பெயர்ப் பட்டியலில் சேர்ந்தது.

பெயர் பெறுவதில் இவ்வளவு முன்னே நின்ற சமூகம், பெற்ற பெயரைக் காப்பதிலும் முன்னே நிற்க வேண்டும். இவ்வரலாறு கற்பிக்கும் கடமைகள் எளியவை. சங்கத்தின் பெயரையோ பள்ளியின் பெயரையோ தனியொருவர் தம் சொந்தப் பெயரில் பதியாமல், அமைப்பின் பெயரிலேயே பதிய வேண்டும். நினைவூட்டு மடல் ஒருவருக்கு மட்டும் செல்லாமல் இருவருக்கேனும் செல்ல வேண்டும். பொறுப்பாளர் மாறும்போது கணக்குப் புத்தகத்தையும் முத்திரையையும் ஒப்படைப்பதைப் போலக் களப்பெயரின் கடவுச்சொல்லையும் ஒப்படைக்க வேண்டும். தளத்தை மூட நேர்ந்தால், பக்கங்களை நூலகத்திடம் ஒப்படைத்த பின்னரே பெயரைக் கைவிட வேண்டும். சிங்கப்பூரின் தேசிய நூலக வாரியம் 2019ஆம் ஆண்டு முதல் ‘எஸ்ஜி’ என்று முடியும் தளங்களைச் சட்டப்படி தானே சேகரித்து வருகிறது. ‘காம்’ என்று முடியும் நம் தளங்களுக்கோ நாமே முயன்று இசைவளிக்க வேண்டியிருக்கும்.

ஓலைச்சுவடிகளைச் செல் அரித்தது. பிரதி எடுத்தவர்கள் இருந்ததால் சில எஞ்சின. இல்லாததால் பல அழிந்தன. இன்று ஆண்டுக்கொருமுறை வரும் கட்டண அறிவிப்பொன்றைக் கவனியாமல் விட்டாலே இருபதாண்டு எழுத்து நம் கையை விட்டுப் போகக்கூடும். இங்கு அமர்ந்திருக்கும் ஆசிரியர்களும் மாணவர்களும் தத்தம் அமைப்பின் களப்பெயர் யார் பெயரில் உள்ளது, எந்நாளில் முடிகிறது என்பதை அறிந்துகொள்வார்களானால் இவ்வுரை பயன் பெற்றதாகும்.