மை காத்ததும் மை அரித்ததும்: புத்தளக் கரையின் ஆவணங்கள்

1344ஆம் ஆண்டு இலங்கையில் கரையிறங்கிய இப்னு பதூதா, தாம் ‘பத்தாலா’ எனக் குறித்த பட்டினத்தின் கரையெங்கும் வெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் குவிந்து கிடந்ததாகப் பதிவு செய்தார். அப்பட்டினம் புத்தளமே என்பது வரலாற்றாசிரியர் பலரின் துணிபு. அத்தகைய கறுவாவின் பட்டையைத்தான் தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தார் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, கற்பூரம் ஆகியவற்றோடு பொடித்து, துணியில் முடிந்து, சுவடிகளுக்கு அருகே வைத்துவந்தனர். கறுவாவின் சின்னமல்டிகைட்டும் கிராம்பின் இயூஜினோலும் பங்கசையும் பக்டீரியாவையும் அடக்குவன என்பதை ஆய்வுகூடங்களும் உறுதிசெய்துள்ளன.

எழுத்தாணியால் கீறிய ஓலையில் விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துத் தடவுவது மரபு. கரி ஒளியில் மங்காது, ஏட்டை அரிக்காது, ஆனால் கிருமியையும் கொல்லாது. அந்த வேலையை மஞ்சளும் வசம்பும் ஏற்றன. அரபெழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ்க் கிதாபுகளுக்குப் பயன்பட்ட கரிமையும் கிருமியைக் கொல்லாது. அதில் கலந்த பிசினோ பங்கசுக்கு உணவாகிவிடக் கூடியது.

ஒல்லாந்தர் கொண்டுவந்த மை வேறு வகை. 1667க்கும் 1676க்கும் இடையில் கற்பிட்டிக் கோட்டையைக் கட்டிய அவர்களின் கிழக்கிந்தியக் கம்பனி, மாசிக்காய்ச் சாற்றோடு அன்னபேதி சேர்த்த மையால் தன் கணக்குகளையும் கடிதங்களையும் எழுதியது. குழந்தைகளின் வாய்ப்புண்ணுக்கு நாம் இழைத்துத் தடவும் அதே மாசிக்காய்தான். அதிலுள்ள தனின் நுண்ணுயிர்களை ஒடுக்கும். ஆனால் அன்னபேதியிலிருந்து பிறக்கும் அமிலமும், பிணைப்புறாது எஞ்சிய இரும்பும் தாளின் நாரைச் சிதைக்கின்றன. எழுத்து இருந்த இடம் காலப்போக்கில் ஓட்டையாகிறது. இதைத் தணிக்க, இரும்பைப் பிடித்துவைக்கும் கல்சியம் பைற்றேற்றுக் கரைசலை நெதர்லாந்து ஆய்வாளர்கள் உருவாக்கினர். கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் கூடத்தின் ஒல்லாந்தர் ஆவணங்கள் உள்ளிட்ட அக்கம்பனியின் ஆவணத் தொகுதி, 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது.

ஆகவே கிருமியைக் கொல்லும் மை ஆவணத்தையும் காக்கும் என்று கொள்வது பிழை. எழுதும் பொருளையும் காக்கும் பொருளையும் வெவ்வேறாக வைத்ததே முன்னோர் அறிவு.

களப்பும் உப்பளமும் சூழ்ந்த நம் கரையில் ஈரமே முதற்பகை. காற்றின் ஈரப்பதன் 65 சதவீதத்தைக் கடந்து நீடித்தால் பங்கசு முளைக்கும்; 75ஐக் கடந்தால் தாளில் படிந்த உப்புத்துகளே நீரை ஈர்க்கும். அந்த ஈரத்தில் இரும்பு மையின் அரிப்பும் விரைவுபடும்.

1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கு வந்த முஸ்லிம்களுக்கு ஒரு காணி உறுதியின் பெறுமதி என்னவென்று எவரும் சொல்லத் தேவையில்லை. வீட்டில் ஏடோ கிதாபோ உறுதியோ இருப்போர் அதைப் பொலித்தீன் பையில் அடைக்க வேண்டாம். லெமினேட் செய்யவும் வேண்டாம். தூய பருத்தித் துணியில் சுற்றி, ஈரச்சுவருக்கு விலக்கி, காற்றோட்டமான அலுமாரியில் வையுங்கள். ஆவணங்களை எண்ணிமப்படுத்தும் ‘நூலகம்’ நிறுவனம் போன்றவற்றின் துணையோடு எண்ணிமப் படி ஒன்றும் எடுத்துவையுங்கள். அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.