காதல் கதை எழுதிக் கட்டிய கல்விக் கட்டணம்

நம் இலக்கிய வரலாற்றுப் பாடநூல்களில் பெண் நாவலாசிரியர்களுக்குப் பெரும்பாலும் ஒரு பத்திதான் ஒதுக்கப்பட்டிருக்கும். வை.மு. கோதைநாயகி, அநுத்தமா, லட்சுமி, ராஜம் கிருஷ்ணன் என்று பெயர்கள் வரிசையாக வரும். லட்சுமியின் பெயருக்குப் பக்கத்தில், குடும்பக் கதைகள் எழுதியவர், பெண் வாசகர்களைக் கவர்ந்தவர் என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். மாணவி அதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவாள். அந்த வரியில் பொய் இல்லை. ஆனால் அது விட்டுவிட்ட செய்தி பெரியது. காதலும் கல்யாணமும் பற்றிய கதைகளை எழுதி, அதில் வந்த பணத்தைக் கொண்டு மருத்துவப் படிப்பை முடித்த பெண் அவர்.

காதல் கதை எழுதுகிறவளைப் பற்றி நமக்கு ஒரு தயாரான சித்திரம் இருக்கிறது. கனவு காண்கிறவள், உலகம் தெரியாதவள், பொழுதுபோகாமல் எழுதுகிறவள் என்று அவளை அவளுடைய கதாநாயகியாகவே எண்ணிக்கொள்கிறோம். ஆண் எழுத்தாளனின் வறுமையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். புதுமைப்பித்தனின் பசி நம் இலக்கிய வரலாற்றின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. வெகுஜனப் பத்திரிகையில் எழுதிய பெண்ணின் கையில் எவ்வளவு பணம் வந்தது, அது எதற்குச் செலவானது என்று மட்டும் நாம் கேட்பதில்லை. லட்சுமியின் வாழ்க்கையை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கிப் பார்த்தால் ஏற்ற இறக்கங்கள் வேறு விதமாகத் தெரிகின்றன.

திரிபுரசுந்தரி என்ற இயற்பெயர் கொண்ட அவர் 1921-இல் பிறந்தார். காவிரிக் கரையில் இருக்கும் தொட்டியம் அவர் ஊர். தந்தை மருத்துவர். பெண்ணின் திருமண வயதைப் பதினான்காக உயர்த்திய சாரதா சட்டம் நிறைவேறிய 1929-இல் அவருக்கு எட்டு வயது. முத்துலட்சுமி ரெட்டி சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று அப்போது ஏறத்தாழ ஒரு தலைமுறை கடந்திருந்தது. ஆனாலும் ஒரு பெண்ணை மருத்துவம் படிக்க அனுப்புவது ஊரே பேசும் காரியமாகத்தான் இருந்தது. அந்தப் பெண் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போர்க் காலம் அது. குடும்பத்தால் செலவைத் தொடர்ந்து தாங்க முடியவில்லை. படிப்பு பாதியில் நின்றுவிடும் என்ற நிலை வந்தது.

இந்த இடத்தில் அவர் செய்ததுதான் கவனிக்கத்தக்கது. 1940-இலேயே ஆனந்த விகடனில் அவர் கதை வெளிவந்திருந்தது. அந்தப் பத்திரிகையை நடத்திய எஸ்.எஸ். வாசனை அணுகி, தொடர்ந்து எழுத வாய்ப்புக் கிடைத்தால் அந்தச் சன்மானத்தில் படிப்பை முடித்துவிடலாம் என்று கேட்டார். வாசன் ஒப்புக்கொண்டார்.

இந்த நிகழ்ச்சியைச் சொல்கிறவர்கள் வாசனின் பெருந்தன்மைக்கு எடுத்துக்காட்டாகவே சொல்வது வழக்கம். பெருந்தன்மை இருந்திருக்கலாம். ஆனால் அந்த மாணவி கேட்டது நன்கொடை அல்ல, வேலை. 1928-இல் விகடனை வாங்கி அதைத் தமிழகத்தின் பெரிய வார இதழாக வளர்த்தவர் வாசன். வீட்டுக்குள் யார் பத்திரிகைக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். நன்றாக விற்கும் ஒரு பொருளை அவருக்கு அந்தப் பெண் தர முன்வந்தார்; அதற்கு உரிய விலையைப் பெற்றார். ஓர் ஆண் இதைச் செய்திருந்தால் தொழில் என்றிருப்போம். பெண் செய்ததால் அது ஒரு புரவலரின் கருணைக் கதையாக நிலைத்துவிட்டது.

அவர் வைத்துக்கொண்ட புனைபெயரும் என்னை யோசிக்க வைக்கிறது. மருமகளை 'வீட்டுக்கு வந்த மகாலட்சுமி' என்கிற சமூகம் இது. அந்த மகாலட்சுமி கொண்டுவரும் செல்வம் அவள் அப்பா கொடுத்த சீர்வரிசை. இந்த லட்சுமியோ தான் எழுதிச் சம்பாதித்ததைக் கல்லூரிக் கட்டணமாகக் கட்டினார். அந்த நோக்கத்தில்தான் அவர் அப்பெயரைத் தேர்ந்தெடுத்தார் என்று நான் சொல்லவில்லை. பெயரும் வாழ்வும் பொருந்திய விதத்தைத்தான் சொல்கிறேன்.

வாரத் தொடர்கதை எழுதுவது லேசான வேலை அல்ல. வாரம் தவறாமல் அத்தியாயம் போய்ச் சேர வேண்டும். ஓவியருக்குப் படம் வரைய ஒரு காட்சி வேண்டும். கடைசிப் பத்தியில் வாசகியை அடுத்த வாரம்வரை காத்திருக்க வைக்கும் ஒரு முடிச்சு வேண்டும். ஆரம்பத்தில் சொன்ன ஒரு பெயரோ உறவோ பின்னால் மாறிவிட்டால் வாசகிகளின் கடிதம் வந்து குவியும். உடற்கூறியலும் நோயியலும் படிக்கிற மாணவி இதையும் சேர்த்துச் செய்தார் என்றால், அதைப் பொழுதுபோக்கு என்று எப்படிச் சொல்வது?

அந்தக் கதைகள் எப்படிப் படிக்கப்பட்டன என்பதும் வரலாறுதான். பத்திரிகை ஒரு வீட்டில் வாங்கப்பட்டு நான்கு வீடுகளுக்குப் போனது. தொடர் முடிந்ததும் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்தார்கள். பள்ளிப் படிப்பு பாதியில் நின்ற பெண்கள் எழுத்துக்கூட்டும் பழக்கத்தை இழந்துவிடாமல் காத்தவை இந்தத் தொடர்கள். வாடகை நூலகங்கள் இவற்றை நம்பி நடந்தன. ஓர் எழுத்தாளரின் பெயரைக் கேட்டு வாங்கும் பழக்கத்தைப் பெண்களிடம் வளர்த்ததில் இவர்களுக்குப் பெரும் பங்குண்டு.

புகழ் பத்திரிகையோடு நிற்கவில்லை. 'காஞ்சனையின் கனவு' நாவலைக் கோவை பட்சிராஜா நிறுவனம் 'காஞ்சனா' என்ற பெயரில் 1952-இல் படமாக்கியது. லலிதாவும் பத்மினியும் நடித்தார்கள். 'பெண் மனம்' நாவல் 1963-இல் 'இருவர் உள்ளம்' ஆயிற்று, எல்.வி. பிரசாத் இயக்கம், மு. கருணாநிதி வசனம், சிவாஜி கணேசனும் சரோஜாதேவியும் ஜோடி. லட்சுமியின் கதை என்று அறியாமலேயே அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் நம்மில் பலர் இருப்போம்.

பெண்ணியம் பேசும் நாம் சங்கடப்பட வேண்டிய இடமும் இதே படத்தில்தான் இருக்கிறது. பல பெண்களோடு பழகித் திரிந்த ஒரு பணக்கார இளைஞன், தன்னை வெறுக்கும் ஒரு ஆசிரியையை விரும்புகிறான். வீட்டாரின் வற்புறுத்தலால் அவள் அவனை மணக்க நேர்கிறது. அவன் திருந்துகிறான், மெல்ல மெல்ல அவள் மனம் அவன் பக்கம் திரும்புகிறது. விருப்பமில்லாத திருமணத்துக்குள் தள்ளப்பட்ட பெண்ணுக்கு, பொறுத்திரு, அவன் மாறுவான் என்று சொல்லும் கதை இது. இந்த வாக்குறுதியை நம்பி எத்தனை பெண்கள் எத்தனை ஆண்டுகள் காத்திருந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தால் மனம் கனக்கிறது. இவர் கதைகள் பெரும்பாலும் நடுத்தர வர்க்கத்து வீட்டுக்குள் நடப்பவை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அதே கதையில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த நாயகிக்கு ஒரு வேலை இருக்கிறது. அவளுக்கு வெறுக்கத் தெரிகிறது. கணவனானாலும் அவன் அன்பைப் பெறத் தகுதி காட்ட வேண்டும் என்று கதை நெடுக அவள் எதிர்பார்க்கிறாள். தாலி கட்டியதும் பெண்ணின் மனம் தானாகக் கணவனுக்குச் சொந்தமாகிவிடும் என்று சொன்ன உலகத்தில், மனம் வேறு, தாலி வேறு என்று ஒரு நாவல் முழுக்கப் பிரித்துக் காட்டியது சிறிய காரியம் அல்ல. முடிவு பழைய உலகத்துக்குச் சாதகமானது. முடிவுக்கு முன்னால் வரும் நூற்றுக்கணக்கான பக்கங்கள் அப்படி அல்ல. வாசகிகள் முடிவை மட்டும் படிக்கவில்லை.

எழுதியவரின் சொந்த வாழ்க்கையும் அவர் கதைகளின் அச்சில் வார்க்கப்பட்டதாக இல்லை. மருத்துவராகி, பெயர்பெற்ற எழுத்தாளராகி, 1955-இல்தான் அவர் திருமணம் செய்துகொண்டார். அப்போது வயது 34. அன்றைய கணக்கில் அது கதாநாயகியின் வயதல்ல. கதாநாயகியின் தாயின் வயது. கணவர் கண்ணபிரான் தென்னாப்பிரிக்கத் தமிழர். லட்சுமி கடல் கடந்து போனார்.

காதல் கதை திருமணத்தோடு முடிந்துவிடும். எழுதுகிறவளின் வாழ்க்கை அங்கிருந்துதான் அடுத்த அத்தியாயத்துக்குப் போகிறது. 1860-இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பலில் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போய் டர்பனில் இறங்கியவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் நாடு அது. அவர் போய்ச் சேர்ந்தபோது நிறவெறி அங்கே சட்டமாகி இருந்தது. யார் எந்தப் பகுதியில் குடியிருக்கலாம் என்பதை 1950-இன் குழுப் பகுதிகள் சட்டம் தோலின் நிறத்தை வைத்துத் தீர்மானித்தது. இந்தியா 1946-இலேயே அந்த நாட்டோடு வணிகத்தை நிறுத்திவிட்டது. 1960-இல் ஷார்ப்வில்லில் அனுமதிச் சீட்டுச் சட்டத்தை எதிர்த்துத் திரண்ட கறுப்பின மக்களைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. அந்த நாட்டில் லட்சுமி மருத்துவராக வேலை பார்த்தார்.

சென்னையில் மருத்துவமும் எழுத்தும் ஒன்றையொன்று தாங்கின. எழுத்து மருத்துவத்துக்குப் பணம் கொடுத்தது. மருத்துவம் எழுத்துக்கு மதிப்புச் சேர்த்தது. கடல் கடந்ததும் அந்த ஏற்பாடு குலைந்தது. தொடர்கதை எழுதுகிறவளுக்குப் பத்திரிகை அலுவலகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வாசகிகளின் பேச்சு காதில் விழ வேண்டும். மருத்துவப் பட்டத்தை எங்கும் எடுத்துச் செல்லலாம். தமிழ் வாசகியை எடுத்துச் செல்ல முடியாது. தமிழகத்தில் அவர் எழுத்து வெகுவாகக் குறைந்தது. கணவர் அங்கேயே காலமானார். இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1977-இல், லட்சுமி தமிழகம் திரும்பினார்.

திரும்பி வந்தபோது சந்தை மாறியிருந்தது. 1969-இல் தொடங்கிய ராணி முத்து, மாதம் ஒரு நாவலை மலிவு விலையில் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்துவிட்டது. சிவசங்கரி, இந்துமதி, வாஸந்தி என்று புதிய தலைமுறை எழுத வந்திருந்தது. அவர்களின் நாயகிகள் கணவனோடு வாதம் செய்தார்கள். சிலர் வீட்டைவிட்டு வெளியேறவும் செய்தார்கள். ஐம்பத்தாறு வயதில் மறுபடி பேனாவை எடுத்து இந்தக் கூட்டத்துக்கு நடுவில் தன் வாசகியைத் தேடுவது எளிதல்ல. லட்சுமி அதைச் செய்தார். 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்காக 1984-இல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

அந்த விருதின் எடையை அறிய ஒரு சிறு கணக்குப் போட்டால் போதும். தமிழுக்கு இந்த விருது 1955 முதல் வழங்கப்படுகிறது. முதலில் பெற்ற பெண் ராஜம் கிருஷ்ணன், 1973-இல். இரண்டாமவர் லட்சுமி. மூன்றாமவர் திலகவதி, 2005-இல். நான்காமவர் அம்பை, 2021-இல். அறுபத்தாறு ஆண்டுகளில் நான்கே பெண்கள். அந்த நால்வரில் ஒருவர், வெகுஜனப் பத்திரிகையில் காதலும் குடும்பமும் எழுதியதற்காக நாம் ஒரு வரியில் கடந்துபோகிற இவர்.

1984-க்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. தமிழ் இலக்கியத்தில் பெண்களைப் பற்றி சி.எஸ். லக்ஷ்மி என்கிற அம்பை ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வு நூல் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். நம் கதைகள் பெண்ணை எப்படி வார்த்தெடுத்தன என்ற கேள்வியை நமக்குக் கற்றுக்கொடுத்த நூல்களில் அது முக்கியமானது. திரிபுரசுந்தரி லட்சுமி ஆனார். லக்ஷ்மி அம்பை ஆனார். ஒருவர் பெண்களுக்கு விருப்பமான கதைகளை எழுதினார். மற்றவர் அத்தகைய கதைகளைக் கேள்விக்கு உட்படுத்தினார். நமக்கு இருவரும் வேண்டும். அம்பையின் கேள்வியை வைத்துக்கொண்டு லட்சுமியின் முடிவுகளோடு சண்டை போடலாம். ஆனால் ஒரு பெண் பேனாவால் சம்பாதித்துத் தன் படிப்பைத் தானே முடித்ததை அந்தச் சண்டையில் தொலைத்துவிடக் கூடாது.

லட்சுமி 1987-இல் மறைந்தார். தன் வாழ்க்கையை எழுதிய நூலுக்கு அவர் வைத்த பெயர் 'கதாசிரியையின் கதை'. மருத்துவரின் கதை என்று பெயரிட்டிருந்தால் உலகம் கூடுதலாக மதித்திருக்கும். அவர் எந்த வேலையால் தன்னை அடையாளப்படுத்த விரும்பினார் என்பதற்கு அந்தத் தலைப்பே சான்று.

இன்று இவரைப் பற்றி ஆய்வு செய்ய வரும் மாணவிக்கு நான் சொல்வது ஒன்றுதான். நாவலின் அச்சுப் பிரதியோடு நிறுத்திக்கொள்ளாதே. பழைய விகடன் தொகுதிகளைத் தேடி, அந்தத் தொடர் வாரம் வாரமாக எப்படி வந்தது என்று பார். பக்கத்தில் என்ன விளம்பரம் இருந்தது, எந்தப் படத்தை வரைந்தார்கள், எந்த இடத்தில் 'தொடரும்' போட்டார்கள் என்று குறித்துக்கொள். உன் பாட்டியிடமோ பெரியம்மாவிடமோ அதைப் படித்த நாட்களைப் பற்றிக் கேள். பரணில் ஒரு பைண்டு புத்தகம் கிடைத்தால் அதன் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார். அங்கே ஒரு பெண் தன் பெயரை எழுதி வைத்திருக்கலாம். அவளும் இந்த வரலாற்றில் சேர வேண்டியவள்.