உவர்நிலத்து நினைவு மூலிகைகள்

புத்தளக் கரையோரத்தைப் பற்றிப் பேசுவோர் உப்பையும் தென்னையையும் மீனையுமே முதலிற் கூறுவர். கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரையுள்ள மக்களின் வாழ்வு இம்மூன்றினாலும் அமைந்ததென்பது உண்மையே. ஆயினும் நிலத்தோடு நிலமாய்ப் படர்ந்து கிடக்கும் சிறிய பூண்டுகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. நினைவாற்றலைக் காப்பவை என்று நூற்றாண்டுகளாகப் போற்றப்பட்டு வந்த வல்லாரையும் நீர்ப்பிரமியும் அத்தகையன. அவற்றின் புகழ் எவ்வாறு தோன்றியது, சோதனைக்கு உட்பட்டபோது எவ்வளவு எஞ்சியது, முதுமையில் நினைவு தளர்வோர் இன்று எதனை நம்பலாம் என்பன ஆராயத்தக்கவை.

வல்லாரை எல்லோரும் அறிந்த கீரை. கிணற்றடியிலும் வாய்க்கால் வரம்பிலும் வட்டமான இலைகளோடு படரும். நீர்ப்பிரமியை அறிந்தோர் சிலரே. தடித்த சிற்றிலைகளும், வெண்மை அல்லது இளநீலம் தோய்ந்த சிறு பூக்களும் உடைய அப்பூண்டு சதுப்பு நிலத்திலே வாழ்வது. உவர்நீரையும் ஓரளவு தாங்கவல்லது. சிங்களத்தில் அதற்கு லுணுவில என்று பெயர். லுணு என்பது உப்பு. வில என்பது பொய்கை. புத்தள மாவட்டத்தின் தென்பகுதியில் இதே பெயருடைய ஊர் ஒன்றும் உண்டு. 1929இல் நிறுவப்பட்ட தெங்கு ஆராய்ச்சி நிலையம் அமைந்திருப்பதும் அவ்வூரிலேதான்.

இவ்விரு பூண்டுகளின் வரலாற்றிலே பெரியதொரு பெயர்க்குழப்பம் இருக்கிறது. சரகர் பெயரால் வழங்கும் வடமொழி மருத்துவ நூல், அறிவை வளர்க்கும் மருந்துகளென நான்கினைக் கூறுகின்றது. அவற்றுள் முதலாவது மண்டூகபர்ணியின் சாறு. மண்டூகபர்ணி என்பது வல்லாரையே என்பது பெரும்பாலோர் முடிபு. அந்நூலே வலிப்பு நோய்க்குப் பிரமி நெய்யினையும் விதிக்கின்றது. ஆனால் பிரமி என்ற பெயரால் கேரளத்தார் நீர்ப்பிரமியைக் குறிக்க, வட இந்தியாவிற் பலர் வல்லாரையையே குறித்தனர். இதன் விளைவு இன்றும் நீங்கவில்லை. ஒரு பூண்டில் நிகழ்ந்த ஆராய்ச்சியின் பெயரைச் சொல்லி மற்றைய பூண்டை விற்பதற்கு இடமுண்டாகிறது. வாங்குபவர் தம் கையிலுள்ளது எதுவென்று அறியார்.

அந்நூலிற் கவனிக்கத்தக்க செய்தி மற்றொன்றும் உண்டு. உடலை உரமாக்கும் மருந்துகளைக் கூறிய அது, நல்லொழுக்கத்தையும் அவற்றோடு ஒரு மருந்தாகவே சேர்த்துச் சொல்லுகின்றது. உண்மை பேசுதல், சினம் தவிர்த்தல், உறக்கத்தையும் விழிப்பையும் அளவோடு கொள்ளுதல் என்பன அதில் அடங்கும். மூலிகை தனித்து நின்று பயன் தருமென்று முன்னோர் கருதவில்லை.

இலங்கையில் சித்தம், ஆயுர்வேதம், யூனானி ஆகிய மரபுகள் அருகருகே வளர்ந்தன. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் இவற்றை ஏற்றுக்கொண்டது. எனினும் வல்லாரையின் முதல் இடம் அடுக்களையே. அரிந்த இலையோடு தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்துத் தேசிக்காய் பிழிந்த சம்பலாகவும், காலைக் கஞ்சியாகவும் அது உண்ணப்பட்டது. உண்போர் அதனைக் கறியாகவே கொண்டனர். மருந்தாக எண்ணியவர் குறைவு. நெய்யிலோ பாலிலோ கூட்டி அளவறிந்து கொடுப்பது பரிகாரியாரின் தொழிலாய் இருந்தது.

ஒல்லாந்தர் ஆட்சிக்காலத்தில் கீழைத்தேயத்துச் செடிகள் பல ஐரோப்பியரின் ஏடுகளில் இடம்பெற்றன. கற்பிட்டிக் கோட்டை 1667 முதல் 1676 வரை கட்டப்பட்டது. அதே காலத்தில், 1672ஆம் ஆண்டு தொடக்கம், பவுல் ஹெர்மன் என்ற மருத்துவர் கொழும்பிலிருந்து இலங்கைச் செடிகளைச் சேகரித்தார். அச்சேகரிப்பை ஆதாரமாகக் கொண்டே லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். மலையாளக் கரையில் வான் ரீடு தொகுத்த மலபார்த் தாவர நூல் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. இட்டி அச்சுதன் முதலிய நாட்டு வைத்தியர்களின் அறிவே அந்நூலுக்கு அடிப்படை. பிரமி என்னும் பெயரும் அதிற் காணப்படுகின்றது.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வாராய்ச்சி வேதியியலார் கைக்கு மாறியது. 1941இல் வல்லாரையிலிருந்து ஏசியாட்டிகோசைட் என்ற பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. அது முதலிற் புகழ்பெற்றது நினைவுக்காக அன்று. தோற் புண்களை ஆற்றுவதற்காகவே. நீர்ப்பிரமியின் பாக்கோசைடு என்னும் பொருள்களை இலக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தார் 1960களில் ஆராய்ந்தனர். 1980களில் அங்கு எலிகளுக்கு அம்மருந்து கொடுக்கப்பட்டுக் கற்கும் திறன் சோதிக்கப்பட்டது. பின்னரே மனிதரிடத்துச் சோதனைகள் பெருகின.

அச்சோதனைகளின் முடிபை மிகுத்தும் கூறலாகாது, குறைத்தும் கூறலாகாது. ஆஸ்திரேலியாவில் 40 முதல் 65 வயது வரையுள்ள 76 பேர் நீர்ப்பிரமியையோ மருந்தற்ற வில்லையையோ மூன்று மாதம் உட்கொண்டனர். 2002இல் வெளியான முடிபின்படி, நீர்ப்பிரமி உண்டவர் புதிதாகக் கற்றதை மறக்கும் வேகம் குறைந்தது; கற்கும் வேகமோ கூடவில்லை. 2008இல், 65 வயதைக் கடந்த 54 பேரிடம் பன்னிரண்டு வாரம் நடந்த அமெரிக்கச் சோதனையிலும் சொற்களை நினைவுகூர்வதிற் சிறிது நன்மை தென்பட்டது. சோதிக்கப்பட்டவர் தொகையோ சிறிது, காலமோ குறுகியது. வல்லாரை பற்றிய சோதனைகளை ஒருங்கே ஆராய்ந்து 2017இல் வெளியான மதிப்பீடு, அது நினைவை வளர்க்கும் என்பதற்குப் போதிய சான்றில்லை என்றே முடித்தது.

வேறொரு தாவரத்தின் கதையும் இங்கே பாடமாகும். சீனத்துக் கிங்கோ மரத்தின் இலைச்சாறு நினைவுக்கு மருந்தென உலகெங்கும் விற்பனையாயிற்று. அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் உடைய 3,069 பேரிடம் பல்லாண்டு நடந்த பெருஞ்சோதனையின் முடிபு 2008இல் வெளியாயிற்று. மறதி நோயை அது தடுக்கவில்லை.

இவ்விடத்தில் இரு வேறு வினாக்களைப் பிரித்தறிதல் வேண்டும். நலமுள்ளவர் பத்துச் சொற்களுள் இன்னும் ஒன்றை நினைவிற் கொள்வாரா என்பது ஒரு வினா. 1906இல் அலோயிஸ் அல்சைமர் எடுத்துரைத்த கொடிய நோயினின்றும் மூளையைக் காக்க முடியுமா என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு நீர்ப்பிரமி சிறிதளவு சாதகமான விடையளிக்கிறது. இரண்டாவதற்கு எந்த மூலிகையும் இன்றுவரை விடையளிக்கவில்லை. முதலாவதன் விடையை இரண்டாவதற்கும் உரியதாக்கிக் காட்டும் விளம்பரமே ஏமாற்றத்திற்குக் காரணம்.

அதனால் நேரும் இழப்பு பணத்தோடு முடிவதில்லை. முதியவரின் மறதிக்குத் தைரொயிட் சுரப்பியின் குறைவும், பி12 உயிர்ச்சத்தின் குறைவும், உண்ணும் வேறு மருந்துகளும் காரணமாகலாம். இவை கண்டறிந்தால் திருத்தத்தக்கவை. ஒரு போத்தல் மாத்திரையை வாங்கிக் கொடுத்துவிட்டு வைத்தியரிடம் செல்லாதிருந்தால், திருந்தக்கூடிய காலம் வீணே கழியும். நீர்ப்பிரமி சிலருக்கு வயிற்றுக் குழப்பத்தை உண்டாக்கும். வல்லாரை மாத்திரை உண்ட மூன்று பெண்களுக்கு ஈரல் பாதிப்பு நேர்ந்ததாக 2005இல் மருத்துவக் குறிப்பொன்று வெளியாயிற்று. கறியாக உண்பதும் செறிவூட்டிய மாத்திரையாக நாள்தோறும் விழுங்குவதும் ஒன்றல்ல. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டியில் உடலுழைப்பையும், புகை விடுதலையும், இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் கட்டுப்படுத்துதலையும் வலியுறுத்தியது. 2024இல் அறிஞர் குழுவொன்று செவிப்புலன் குறைவு, தனிமை முதலிய 14 காரணங்களைச் சுட்டி, அவை நீங்கின் மறதி நோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என மதிப்பிட்டது. ஒழுக்கத்தையும் மருந்தெனக் கொண்ட பழைய நூலோர் இதனைக் கேட்டால் வியப்படையார்.

இனி, பூண்டுகள் வாழும் நிலத்தையும் நோக்க வேண்டும். 1980கள் முதல் சிலாபம், முந்தல், புத்தளம் ஆகிய களப்புகளின் ஓரங்களில் இறால் வளர்ப்புக் குளங்கள் பெருகின. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியபின் பல குளங்கள் கைவிடப்பட்டன. இவ்வாறு உவர்ச் சதுப்பின் இயல்பே மாறிய இடங்கள் பல. வல்லாரையும் நீர்ப்பிரமியும் தாம் நிற்கும் மண்ணிலும் நீரிலுமுள்ள ஈயம் போன்ற உலோகங்களை உறிஞ்சுவன. ஆகவே நிலம் கெட்டால் மூலிகையும் நஞ்சாகும்.

1807இல் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி இலங்கையின் ஊர்களைப் பற்றி 1834இலும், தமிழ்ப் புலவர்களைப் பற்றி 1859இலும் நூல்கள் எழுதினார். மறைந்துபோக இருந்த பெயர்கள் பல அவர் எழுதியமையால் நிலைத்தன. எந்தப் பூண்டு, எந்த நிலத்தில் விளைந்தது, எவ்வளவு, எந்நோய்க்குக் கொடுக்கப்பட்டது என்னும் பரிகாரியாரின் அறிவும் அவ்வாறே பதியப்பட வேண்டும். பதியப்பட்டதே சோதிக்கத்தக்கது. நினைவைக் காக்கும் மூலிகை பற்றிய நினைவு மங்குமுன் அப்பணி நிறைவேறுதல் நன்று.